ஸ்கேன் நார்மல் என்றால் நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள்

மறுபடியும் ஒரு பிள்ளையைக் கன்னம் வீங்கிய நிலையில் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. பள்ளிக்கூடத்தில் விழுந்து கைகாலை உதறியிருக்கிறது, யாரோ "நடிக்கிறா, ரெண்டு வச்சா எழும்பிருவா" என்று அறைந்திருக்கிறார்கள், அப்புறம் மூக்கில் வெங்காயம், கையில் சாவிக்கொத்து, முனி அடித்துவிட்டது என்று பூசாரி வீடு, எல்லாம் முடிந்துதான் ஆஸ்பத்திரி. மலையகத்தில் வேலை செய்கிற எந்த வைத்தியருக்கும் இது பழகிய கதை. அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்று சொன்ன நிமிஷமே வீட்டாரின் முகம் மாறிவிடும். அப்ப இவ்வளவு நாளும் பொய்யா? இல்லை. சாவுச் செய்தி கேட்டதும் கால் தளர்ந்து அப்படியே உட்கார்ந்து விடுகிறோமே, அதை ஸ்கேனில் காட்ட முடியுமா, இல்லை அது நடிப்பா? மனதில் தங்கிய பயமும் துக்கமும் வலியாக, வலிப்பாக, விழுந்துபோன காலாக, வராத குரலாக வெளிப்படும். அதை அந்தப் பிள்ளை செய்யவில்லை, அதற்கு நடக்கிறது. அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில், ஆயாவோடு தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்கிற பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தால் அந்த வயிறு உண்மையாகவே வலிக்கிறது.

வேறொன்றும் கிடைக்காததால் நாங்கள் 'மனதால் வந்த நோய்' என்ற பெயரை ஒட்டுவதில்லை, அதற்கென்று அடையாளங்கள் உண்டு. கட்டிலில் படுக்கவைத்து, வலுவிழந்த காலின் குதிகாலைக் கீழே அழுத்தச் சொன்னால் முடியாது, ஆனால் மற்றக் காலைத் தூக்கச் சொன்னால் அந்த முடியாத கால் தானாகவே கட்டிலை அழுத்தும். ஹூவர் என்ற மருத்துவர் 1908இல் எழுதிவைத்த சோதனை இது. இதைப் பார்த்துவிட்டுப் பொய் பிடிபட்டது என்று துள்ளுகிறவர்கள் உண்டு. பிள்ளைக்கே இதைக் காட்டி, "பார் மகள், உன் கால் நரம்பு நல்லாத்தான் இருக்கு, திரும்பப் பழக்கலாம்" என்று சொல்லத்தான் நான் இதைச் செய்கிறேன். பிசியோதெரபி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வேண்டுமென்றே நோயை உண்டாக்கிக்கொள்வது வேறு. 1951இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற மருத்துவர் இதற்கு மன்சௌசன் என்று பெயர் வைத்தார். தெர்மாமீட்டரைச் சூடான தேத்தண்ணியில் வைப்பது, ஆறின புண்ணைக் கிளறுவது, தேவையில்லாமல் இன்சுலின் ஏற்றிக்கொள்வது. (உடம்பு சுரந்த இன்சுலினா, ஊசியில் வந்ததா என்று சி-பெப்டைட் சோதனை காட்டிவிடும்.) லீவும் காசும் இவர்களுக்கு நோக்கமில்லை, நோயாளியாக இருந்து கவனிக்கப்படுவதுதான் வேண்டியிருக்கிறது. இதுவும் நோய்தான், இன்சுலின் கதையில் உயிரே போகலாம். லீவுக்காக மெடிக்கல் எடுக்க வருகிறவரையும் இவர்களையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். கொழுந்து எடுக்கிற அக்கா களைப்பு, மூச்சு வாங்குது என்று வந்தால், "அரைப் பேர் (கொழுந்து குறைந்தால் தருகிற அரைநாள் சம்பளம்) விழும் என்று பயந்து சொல்கிறாள், மனசுப் பிரச்சினை" என்று அனுப்பிவிடாதீர்கள். இரத்தசோகையாக இருக்கலாம், முதலில் இரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். இதை என் சக வைத்தியர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

வலிப்பு வந்தால் அறையாதீர்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைப் பாருங்கள், 5 நிமிஷம் தாண்டினால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். முடிந்தால் போனில் வீடியோ எடுத்து வாருங்கள், எங்களுக்குக் காட்ட மட்டும், பேஸ்புக்கில் போட அல்ல. இது மனதால் வந்த வலிப்பா, மூளையால் வந்ததா என்று நீங்களே தீர்மானிக்க வேண்டாம், ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். குடிக்கிற மாத்திரையை உங்கள் பாட்டுக்கு நிறுத்தவும் வேண்டாம்.

மனநல கிளினிக்குக்கு எழுதித் தந்தால் அது பைத்தியம் என்ற முத்திரை இல்லை, தயவு செய்து அந்தத் துண்டைக் கிழித்துப் போடாதீர்கள். பஸ் காசுக்கு வழியில்லாத நாளில் 1926 மனநல உதவி எண்ணுக்கு எடுத்தாவது பேசுங்கள்.

கடைசியாக, பெரியவர் ஒருவரே பிள்ளைக்கு நோயை உண்டாக்கி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கொண்டு திரிவதும் நடக்கிறது, 1977இலேயே மருத்துவர்கள் எழுதிய விஷயம். அவர் பக்கத்தில் இல்லாதபோது மட்டும் பிள்ளை தேறுகிறது என்று கண்டால் அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள், பிள்ளையோடு காணாமல் போய்விடுவார். வார்டில் தனியாக எங்களிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் 1929 சிறுவர் உதவி எண்ணுக்கு அழையுங்கள்.