இ அடுக்கு கலைந்தால் எஃப் அடுக்கு ஏறும்

மதுரை யானைமலை முதுகில் கடைசி வெயில் மங்கும் நேரத்தில் பழைய ரேடியோவை மீடியம் வேவில் திருப்பிப் பாருங்கள். பகலில் கேட்காத தொலைதூர நிலையங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கும். சுமார் 60 முதல் 90 கி.மீ. உயரத்தில் பகலெல்லாம் அந்த அலைகளை விழுங்கிக்கொண்டிருந்த டி அடுக்கு, அதாவது அயனிமண்டலத்தின் அடித்தட்டு, கலைவதுதான் காரணம்.

அந்த நேரத்தில் இன்னும் மேலே நடப்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. சூரியக் கதிர்கள் காற்றிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்து, மின்னூட்டமுள்ள துகள்களான அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த பிளாஸ்மாவை உண்டாக்குகின்றன. 110 கி.மீ. வாக்கில் இருப்பது இ அடுக்கு. அதில் இருப்பவை மூலக்கூறு அயனிகள். வெயில் போனதும் எலக்ட்ரான்களோடு சட்டென்று சேர்ந்துவிடும். 300 கி.மீ. வாக்கில் இருக்கும் எஃப் அடுக்கில் பெரும்பாலும் ஆக்சிஜன் அணு அயனிகள். அவை லேசில் சேராது, இரவிலும் தங்கும்.

கண்மாய் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். எஃப் அடுக்கில் காற்று வீசும்போது மின்னூட்டம் தேங்கும். பகலில் பூமியின் காந்தக் கோடுகள் வழியே அது நல்ல கடத்தியான இ அடுக்குக்கு வடிந்துவிடும். மாலையில் இ அடுக்கு நலிந்ததும் மடை அடைபடுகிறது. மின்புலம் ஓங்கி, எஃப் அடுக்கை மேலே தூக்குகிறது. பூமியின் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே பக்கத்தில்தான் செல்கிறது; அதனால் இங்கே காந்தக் கோடுகள் ஏறக்குறையப் படுத்துக் கிடக்கின்றன, தூக்கலும் நேராக மேல்நோக்கியே இருக்கிறது.

அப்புறம் அடர்ந்த பிளாஸ்மா மேலே, மெலிந்தது கீழே. இது நிலைக்காது. மெலிந்த பகுதி குமிழாகக் கிளம்பி, சில சமயம் 1000 கி.மீ.க்கு மேலும் ஏறிவிடும்.

2013இல் ஏவப்பட்ட ஐரோப்பிய விண்வெளி முகமையின் மூன்று ஸ்வார்ம் செயற்கைக்கோள்கள் இத்தகைய குமிழ்களுக்குள்ளேயே பறந்து, எலக்ட்ரான் அடர்த்தி திடீரென விழுவதை அளந்திருக்கின்றன. 2018இல் ஏவப்பட்ட நாசாவின் கோல்ட் கருவி அமெரிக்கக் கண்டங்களின் பக்கத்தைப் பார்க்கிறது. இரவில் ஆக்சிஜன் அயனிகள் எலக்ட்ரான்களோடு சேரும்போது வரும் புற ஊதா ஒளியில் குமிழ்கள் கருங்கோடுகளாகத் தெரிகின்றன. நம் பக்கத்தில் இதைத் தரையிலிருந்து கவனிக்க, திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது.

பங்குனியிலும் புரட்டாசியிலும் நம் வானில் குமிழ்கள் அதிகம். பகலும் இரவும் சமமாகும் அந்த நாட்களில் காந்தக் கோடு இ அடுக்கைத் தொடும் வடக்கு நுனி, தெற்கு நுனி இரண்டிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இருட்டுவதால், இரு பக்க மடைகளும் ஒன்றாக அடைபடுகின்றன. சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் இன்னும் கூடுதல்.

20,000 கி.மீ. உயரத்திலிருந்து வரும் ஜிபிஎஸ் சிக்னல் இந்தக் குமிழ்களின் ஊடே வரும்போது மினுங்கி, சில நேரம் அறுந்தே போகும். அதிர்வெண் கூடினால் மினுக்கம் குறையும்; இந்தியாவின் வழிகாட்டிச் செயற்கைக்கோள்களான நாவிக் அனுப்பும், ஜிபிஎஸ்ஸைவிட அதிர்வெண் கூடிய எஸ் பேண்ட் சிக்னலுக்கு அந்தச் சாதகம் உண்டு.