லோ கியர்: எதில் ‘லோ’?

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சைக்கிளின் பின் கேரியரில் 14 கிலோ மூட்டையோடு ஏறிய நான் ஒன்பதாவது வளைவிலேயே இறங்கித் தள்ளத் தொடங்கிவிட்டேன். வளைவின் உள்பக்கத்தில் ஏற்றம் செங்குத்தாக நிமிரும். வெளிப்பக்கம் சற்றுச் சாய்வு குறைவு, ஆனால் எதிரே பேருந்து வந்தால் ஒதுங்க இடமிருக்காது. “லோ போடுங்கண்ணே” என்று பின்னாலிருந்து தம்பி கத்தினான். போட்டுத்தான் இருந்தேன். அதற்குக் கீழே என் சைக்கிளில் கியர் கிடையாது.

‘லோ’ என்றால் தாழ்வு. எது தாழ்வு? பெடலோடு சுற்றும் முன்பக்கப் பல் தட்டுகளில் சின்னது லோ. பின்சக்கரத்தில் பார்த்தால் பெரிய பல் தட்டுதான் லோ. சங்கிலி பின்னால் மேலே ஏறினால் லோ, முன்னால் கீழே இறங்கினால் லோ. புதிதாகக் கியர் சைக்கிள் வாங்குகிறவர்கள் முதல் வாரம் முழுக்க மாற்றி மாற்றிப் போடுவதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை. பல்லைப் பார்த்தால் இந்தச் சொல்லுக்குப் பொருள் கிடைக்காது. பழைய சக்கரம் ஒன்றைப் பார்க்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் பென்னி ஃபார்த்திங் என்று ஒரு சைக்கிள் இருந்தது. முன்னால் ஆள் உயரச் சக்கரம், பின்னால் பொடிச் சக்கரம். பெடல் நேராக முன்சக்கர அச்சிலேயே இருந்ததால், ஒரு மிதிச் சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்றுதான். வேகம் வேண்டுமென்றால் சக்கரம் உயர வேண்டும். கால் எட்டும் அளவுக்குத்தான் உயரமுடியும். பெரும்பாலும் 50 முதல் 60 அங்குலம். 1885இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி ‘ரோவர்’ சைக்கிளைக் கொண்டுவந்தபோது சக்கரங்கள் சிறுத்தன, உயரத்தின் வேலையைச் சங்கிலி பார்த்துக்கொண்டது. ஆனால் ஓட்டுகிறவர்களின் மனக்கணக்கு மாறவில்லை. ‘இந்தச் சங்கிலி வண்டி எத்தனை அங்குலச் சக்கரத்துக்குச் சமம்?’ என்றே கேட்டார்கள். அந்த அளவு கியர் அங்குலம் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. முன்பல் எண்ணிக்கையைப் பின்பல்லால் வகுத்து, சக்கர விட்டத்தால் பெருக்கினால் போதும். ஆக ‘லோ’ என்பது கண்ணுக்குத் தெரியாத அந்தச் சக்கரத்தின் உயரம். கியர் இறங்க இறங்க நாம் குட்டிச் சக்கரத்தை மிதிக்கிறோம்.

‘கியர்’ என்ற சொல்லுக்கும் பல்லுக்கும் ஆதியில் சம்பந்தமில்லை. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியின் ‘கெர்வி’யிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது, உடை, தளவாடம், குதிரைக்குப் பூட்டும் சாமான் எல்லாம் அதில் அடக்கம். பற்சக்கரம் என்ற பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது. தமிழுக்கு அந்தப் பிற்காலப் பொருள் மட்டுமே வந்து சேர்ந்தது.

தமிழில் கியருக்குப் பல்லிணை என்பார்கள். பல்லோடு பல் இணைவது: கார் கியர்பெட்டிக்கு அழகாகப் பொருந்தும் சொல். சைக்கிளில் பல்லும் பல்லும் தொடுவதே இல்லை, நடுவில் சங்கிலி. அதனால் தனிச் சக்கரத்துக்குப் பற்சக்கரம் என்பதே சரி. சக்கரத்தைச் சில்லு என்னும் இலங்கை வழக்கில் பற்சில்லு. எனக்கு அது இன்னும் பிடிக்கும். எங்கள் ஊர்ச் சைக்கிள் கடையில் இதெல்லாம் செல்லாது. செயின் வீல், ஃப்ரீவீல், “பல்லு தேஞ்சு போச்சு”, அவ்வளவுதான்.

‘லோ கியர்’ஐத் ‘தாழ் பல்லிணை’ என்று பெயர்த்தால் பழைய குழப்பம் அப்படியே தமிழுக்கும் வந்துவிடும். ஜெர்மானியர்கள் மூன்று கியர் வண்டியில் இதை மலைக்கியர் என்றே சொன்னார்கள். அந்த வழியில் ஏற்றப் பல்லிணை எனலாம். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு மிதிச் சுற்றில் வண்டி எத்தனை மீட்டர் நகரும் என்று அளக்கிறார்கள். அதற்கு ‘மிதிதூரம்’ என்று நானே ஒரு சொல் வைத்துக்கொண்டிருக்கிறேன். கியர் அங்குலத்தை 3.14ஆல் பெருக்கினால் அந்தத் தூரம் அங்குலத்தில் கிடைத்துவிடும்.

அப்பாவின் பழைய சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18, சக்கரம் 28 அங்குலம். கணக்குப் போட்டால் 68 அங்குலம், மிதிதூரம் கிட்டத்தட்ட ஐந்தரை மீட்டர். சமதளத்தில் சுகமான அளவு. நான் தள்ளிக்கொண்டு போன வண்டியில் முன்னால் சின்னத் தட்டு 34, பின்னால் பெரியது 28, சக்கரம் டயரோடு 27 அங்குலம், அதாவது 33 கியர் அங்குலம். மலையேற்றத்தில் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் போக, நிமிடத்துக்கு 35 சுற்றுதான் அதில் மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதியும் முழங்காலில் வந்து இறங்கும். மூட்டையோடு ஊர் சுற்றுகிறவருக்கு 20 அங்குலமோ அதற்குக் குறைவோ வேண்டும். கடையில் “21 கியர் இருக்குங்க” என்பார்கள். அதில் பாதி ஒன்றின் மேல் ஒன்று விழும் அளவுகள். எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், முன்னால் மிகச் சிறியதில் எத்தனை பல், பின்னால் மிகப் பெரியதில் எத்தனை பல் என்று கேளுங்கள்.

பந்தயக்காரர்கள் கியர் மாற்றுவதை நெடுநாள் கௌரவக் குறைவாகவே பார்த்தார்கள். சங்கிலியைப் பல் மாற்றும் டெரெய்லரைத் தூர் தெ பிரான்ஸ் போட்டி 1937இல்தான் அனுமதித்தது. அதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே, பிரான்ஸின் செயிண்ட் எத்தியென் நகரில் வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய பால் தெ விவி, ஊர் சுற்றிகளுக்குப் பல கியர் வேண்டும் என்று விடாமல் வாதாடிக்கொண்டிருந்தார்.

நானும் மாற்றினேன். முன்னால் மூன்று தட்டு, அதில் சின்னது 24. பின்னால் பெரியது 34. தொய்யும் சங்கிலியை இழுத்துப் பிடிக்க நீளக் கூண்டு வைத்த டெரெய்லர் தனிச் செலவு. இப்போது 19 அங்குலம், மிதிதூரம் ஒன்றரை மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் அதே ஐந்தரை கிலோமீட்டர் வேகம். மறுபடி கொல்லிமலை போனபோது எங்கேயும் இறங்கவில்லை. பாதி வழியில், தலையில் பலாப்பழத்தோடு நடந்த ஓர் அம்மா வெகுதூரம் என் பக்கவாட்டிலேயே வந்தார். “இதுக்கு எறங்கி நடந்தே வந்திருக்கலாமே தம்பி?”