ஸ்கேனில் உறுதி, விழுந்தால் முறிவு

“எலும்பு அடர்த்தி நன்றாக இருக்கிறதென்று டெக்ஸா ஸ்கேன் சொன்னதே, பிறகு எப்படி இடுப்பெலும்பு முறிந்தது?” வயதான சர்க்கரை நோயாளிகளின் வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்வி.

இரண்டாம் வகை நீரிழிவில் அடர்த்தி சராசரியாகவோ கூடுதலாகவோதான் இருக்கும். முறிவும் கூடுதலாகவே இருக்கும். ஸ்கேன் அளப்பது தாதுச்சத்தை மட்டும். கான்கிரீட்டில் சிமென்ட்டை எண்ணிவிட்டு உள்ளிருக்கும் கம்பியை விட்டுவிடுவது போல. எலும்பின் கம்பி கொலாஜன்.

மிகுதியான குளுக்கோஸ், நொதியின் உதவியே இல்லாமல் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் ஒட்டியதைத்தான், ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி என்று அளக்கிறோம். சிவப்பணு சுமார் 120 நாளில் அழிய, அந்தக் கணக்கும் தீரும். எலும்புக் கொலாஜனோ ஆண்டுக்கணக்கில் இருக்கும். அதில் ஒட்டிய சர்க்கரை மெல்ல உருமாறி, பென்டோசிடின் போன்ற குறுக்குப் பிணைப்பாகி, அடுத்தடுத்த இழைகளைப் பூட்டிவிடும். நல்ல எலும்பில் அடி விழும்போது இழைகள் சற்றே வழுக்கி வேகத்தை வாங்கிக்கொள்ளும். பூட்டிய இழை வழுக்காது; விரிசல் நேராக ஓடும். பழைய எலும்பைக் கரைத்துப் புதிது கட்டும் வேலையும் நீரிழிவில் மந்தம். ஆகவே இந்த மூன்று மாத எச்பிஏ1சி குறைந்தாலும், பத்தாண்டுப் பூட்டு உடனே கழன்றுவிடாது.

இனவேறுபாடு இங்கே குழப்புகிறது. அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கு எலும்பு அடர்த்தி சராசரியில் அதிகம், இடுப்பு முறிவு வெள்ளையரைவிடக் குறைவு. ஆனால் ஒரே சராசரி சர்க்கரைக்கு அவர்களின் எச்பிஏ1சி சுமார் 0.3 முதல் 0.4 புள்ளி கூடுதலாக வரும். டெசிலிட்டருக்கு 154 மில்லிகிராம் சராசரிக்கு 7.0 வரவேண்டிய இடத்தில் 7.4 வரலாம். அந்த எண்ணைத் துரத்தி இன்சுலினையோ கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையையோ ஏற்றினால் தாழ்சர்க்கரை, தலைசுற்றல், விழுதல், கடைசியில் முறிவு. சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி நொதியின் மரபணுவில் மாற்றம் உள்ள ஆண்களில் இது தலைகீழ்: சிவப்பணு சீக்கிரம் அழிவதால் எச்பிஏ1சி சுமார் 0.8 புள்ளி குறைத்துக் காட்டும், எலும்பில் சர்க்கரை ஒட்டிக்கொண்டே இருக்கும்.

எனவே வெறும்வயிற்று, சாப்பிட்டபின் மீட்டர் அளவுகளோடு எச்பிஏ1சி பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். பொருந்தாவிட்டால், இரத்தப் புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் ஃப்ரக்டோசமைன் சோதனையோ தொடர் சர்க்கரைக் கண்காணிப்புக் கருவியோ தேவை.

முறிவு அபாயத்தைக் கணிக்கும் ஃப்ராக்ஸ் என்ற கேள்விப் படிவத்தின் அமெரிக்கப் பதிப்பு இனத்தைக் கேட்கிறது, இரண்டாம் வகை நீரிழிவைக் கேட்பதில்லை! கேட்கவேண்டியது எது என்பதே தலைகீழாகிவிட்டதாக எனக்குப் படுகிறது. மருத்துவர்கள் அந்தப் படிவத்தில் முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டழற்சி) என்ற கட்டத்தில் ‘ஆம்’ குறித்தோ, தொடையெலும்புக் கழுத்தின் டி-ஸ்கோரில் (இளம் வயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்ட மதிப்பெண்) 0.5 கழித்தோ இதை ஈடுகட்டுகிறார்கள். மாத்திரைப் பட்டியலில் பையோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மருந்து இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அது எலும்பு கட்டும் செல்லாக வேண்டிய மூலச்செல்லைக் கொழுப்புச் செல்லாகத் திருப்பிவிடும், பெண்களுக்கு முறிவைக் கூட்டும்.