மாம்பூவுக்குப் போரான் எதற்கு?

"மரம் கொள்ளாத அளவுக்குப் பூக்குது, காய்தான் பிடிக்கலை. மருந்துக்கடையில் போரான் அடிக்கச் சொல்றாங்க, அது நிஜமாவே வேலை செய்யுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போரான் என்பது செடிக்கு மிகக் கொஞ்சமாகத் தேவைப்படும் ஒரு சத்து.

முதலில், பூ கொட்டுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு மாம்பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சில ரகங்களில் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும், அதில் பெரும்பகுதி வெறும் ஆண் பூ. மீதியுள்ள இருபால் பூக்களில் ஈக்களும் தேனீக்களும் மகரந்தத்தைச் சூலகமுடியில் சேர்க்கும். இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். ஆனால் அதற்கப்புறம் நடப்பதைப் பாடப்புத்தகம் ஒரே வரியில் தாண்டிவிடும், எனக்கோ அதுதான் மொத்தக் கதையிலும் அற்புதமான இடம்.

மகரந்தத்துக்குள் இருக்கும் ஆண் செல்லால் தானாக நகர முடியாது. அதனால் மகரந்தத்தூள் ஒரு குழாயை வளர்க்கிறது, சூலகத்தண்டைத் துளைத்துக்கொண்டு சூல் வரைக்கும், உள்ளே ஆண் செல்களைச் சுமந்தபடி. அந்தக் குழாய் நுனியில் மட்டும்தான் நீளும். லில்லி மகரந்தத்தில் அளந்து பார்த்தபோது குழாய்க்குள் இருந்த அழுத்தம் ஏறக்குறைய கார் டயரில் இருக்கும் அளவு! அவ்வளவு அழுத்தம் உள்ளிருந்து தள்ளும்போது நுனிச்சுவர் நீள்கிற அளவுக்கு இளகியும் இருக்க வேண்டும், வெடித்துவிடாமல் பிடிமானமாகவும் இருக்க வேண்டும். அந்தச் சுவர் பெரும்பாலும் பெக்டின் என்ற பசைபோன்ற பொருள். நுனிக்குப் பின்னால் கால்சியம் அதை இறுக்குகிறது. போரானோ இரண்டு பெக்டின் இழைகளுக்கு நடுவே நின்று ஒன்றோடொன்று பிணைக்கிறது. போரான் குறைந்தால் மகரந்தம் சரியாக முளைக்காது, முளைத்தாலும் குழாய் குட்டையாக நின்றுவிடும், இல்லையென்றால் நுனி வெடித்துவிடும். 1930களிலேயே தியோடோர் ஷ்முக்கர் என்ற ஜெர்மானியர் அல்லி மகரந்தத்தை வைத்து, போரான் அடங்கிய போரிக் அமிலத்தின் இந்த விளைவைக் காட்டிவிட்டார்.

சரி, மண்ணில் போரான் இருந்தால் போதாதா? மாமரத்தில் போரான் பெரும்பாலும் வேர் உறிஞ்சும் தண்ணீரோடுதான் மேலே ஏறும், இலைக்குப் போனது திரும்பப் பூவுக்கு வருவது மிகக் குறைவு. இலை நிறைய நீராவி விடுவதால் அதிகம் இழுத்துக்கொள்கிறது, பூவுக்குக் கொஞ்சம்தான் மிஞ்சும். பற்றாக்குறை உள்ள தோட்டத்தில் பூமொட்டு வரும் சமயம் பார்த்துத் தெளிக்கச் சொல்வது இதனால்தான்.

பற்றாக்குறை இருந்தால் மட்டும், என்பதை அழுத்திச் சொல்கிறேன். போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிய சத்து இது, கூடினால் இலை விளிம்பு கருகும். மண்ணையும் இலையையும் பரிசோதிக்காமல் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு அடிப்பதும், கண்ணேறு கழியும் என்று மரத்தில் பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிடுவதும் என் பார்வையில் ஒன்றுதான், இரண்டிலும் காரணத்தை யாரும் தேடவில்லை. லங்கடா, தஸேரி போன்ற ரகங்கள் தன் மகரந்தத்தில் காய் பிடிப்பதில்லை, அங்கே பக்கத்தில் வேறு ரகம் இல்லாவிட்டால் எந்தத் தெளிப்பும் உதவாது.

இன்னொன்று, பூ விரிந்திருக்கும்போது பூச்சிக்கொல்லி அடித்தால் மகரந்தத்தைக் கொண்டுவரும் ஈயும் சேர்ந்து சாகும். மாம்பூவுக்கு வரும் அந்த ஈக்கள் எங்கே முட்டையிடுகின்றன, எந்த நேரத்தில் பூவுக்கு வருகின்றன என்று ஊர் ஊராக உட்கார்ந்து பார்க்கிற ஆராய்ச்சிக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

குழாய் முளைப்பதைக் கண்ணால் பார்க்க ஆசையா? 10% சர்க்கரைக் கரைசல் ஒரு சொட்டில் காசித்தும்பை மகரந்தத்தைத் தூவி, பள்ளி நுண்ணோக்கியில் வையுங்கள். அரை மணி நேரத்துக்குள் குழாய் நீள ஆரம்பித்துவிடும்.