வடிகுழாய் எப்போது தொல்லையாகிறது?

இரைப்பைப் புற்றுநோய்க்காக இரைப்பையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அகற்றியபின், வயிற்றைத் தைத்து மூடும் முன் அறுவை மருத்துவர் உள்ளே ஒரு சிலிக்கோன் குழாயை விட்டுவைப்பதுண்டு. அதன் உள்முனையில் பல சிறு துளைகள். வெளிமுனையில் அமுக்கி மூடிய குமிழ். குமிழ் விரிய முயலும்போது பிறக்கும் உறிஞ்சு விசை, உள்ளே தேங்கும் இரத்தத்தையும் நிணநீரையும் இழுத்து வெளியேற்றுகிறது.

அந்தக் குழாய் வயிறு முழுவதையும் வடித்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். வயிற்றறையை முழுமையாக வடிக்கவே முடியாது என்று 1905இலேயே யேட்ஸ் என்ற மருத்துவர் சோதனைகள் செய்து எழுதினார். சில மணி நேரத்திலேயே சுற்றியுள்ள திசுக்கள் ஒட்டிக்கொண்டு குழாயைத் தனியே பிரித்துவிடுகின்றன. எனவே என் பார்வையில் அது வடிப்பதற்கான கருவி என்பதைவிட, உளவு சொல்லும் கருவி. வரும் நீர் பித்தநிறமாக மாறினால், தையல் எங்கோ விட்டிருக்கலாம். மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ அந்த நீரில், கணையம் சுரக்கும் அமைலேஸ் நொதி, இரத்தத்துக்குரிய இயல்பான உச்ச அளவைப்போல் 3 மடங்கைத் தாண்டினால், கணையச் சாறு கசிகிறது என்று பொருள்.

மிக அரிதாக, இந்த உளவாளியே உள்ளே சேதம் விளைவிக்கிறது. அத்தகைய சேதங்களுள் அஞ்ச வேண்டியது இரத்தப்போக்கு. புற்றுநோய் பரவியிருக்கக்கூடிய நிணநீர் முடிச்சுகளை நீக்கும்போது, கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் செல்லும் தமனிகளைச் சுற்றியுள்ள திசுக்கள் உரித்தெடுக்கப்படுகின்றன. காப்புறையின்றி நிற்கும் அத்தமனிமீது குழாய் நாள்கணக்கில் உரசிக்கொண்டிருக்கிறது. கூடவே, புரதத்தைச் செரிக்கவல்ல கணையச் சாறும் கசிகிறது. தமனிச் சுவர் ஓரிடத்தில் அரிக்கப்பட்டு, வெளியேறும் இரத்தம் பை போலப் புடைக்கிறது. பெரும் வெடிப்புக்கு முன் பெரும்பாலும் சிறிது சிவப்பு இரத்தம் குழாயில் தலைகாட்டிவிட்டு நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று நிம்மதி அடைவதுதான் ஆபத்து. உடனே ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் ஆஞ்சியோகிராம் வழியாக அந்தத் தமனியை அடைக்க வேண்டும்.

குழாயை எடுக்கும் நேரத்திலும் சிக்கல் உண்டு. குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரை, பக்கத் துளைகளுக்குள் உறிஞ்சப்பட்டுச் சிக்கியிருக்கலாம். குமிழின் இழுவையை விடுவிக்காமல் உருவினால், குழாயோடு அதுவும், சில வேளை சிறுகுடலின் ஒரு வளைவும்கூட, வயிற்றுச் சுவரின் துளை வழியே வந்துவிடும். தடித்த குழாயில் இந்த வாய்ப்பு கூடுதல். ஆனால் மெல்லிய குழாய் இரத்தக் கட்டியால் எளிதில் அடைபடும். சீரான ஓட்டத்தில் குழாயின் ஆரம் பாதியானால், கடந்து செல்லும் நீரின் அளவு 16இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே மருத்துவர் ஓர் அளவைத் தேர்ந்தாக வேண்டும்.

குழாய் குடலை மெல்ல அரித்து உள்ளே நுழைவதும், துளையுள்ள இடத்தில் அறுந்து துண்டு உள்ளேயே தங்கிவிடுவதும் இன்னும் அரிது. எக்ஸ்ரேயில் தெரியும் கோடு ஒன்றைக் குழாயின் நெடுக வைத்துத் தயாரிப்பது, அறுந்த துண்டைக் கண்டுபிடிக்க உதவுகிறது.

அப்படியானால் குழாய் வேண்டவே வேண்டாமா? எல்லாருக்கும் வழக்கமாக வைப்பதால் பலன் உண்டு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே, மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. இரைப்பை அறுவைக்குப் பின் விரைவாக மீள்வதற்காக 2014இல் வெளியான வழிகாட்டுதலும் அதைத் தவிர்க்கலாம் என்ற பக்கமே சாய்கிறது. ஆயினும் கணையத்தை ஒட்டி அறுக்க நேர்ந்தாலோ, இணைப்புத் தையலில் ஐயம் இருந்தாலோ, பல மருத்துவர்கள் இன்றும் குழாய் வைக்கிறார்கள், அது நியாயம்தான். வைத்தபின் தினமும் நீரின் நிறத்தையும் அளவையும் குறித்து, கசிவு இல்லை என்று தெரிந்ததும் சீக்கிரம் எடுத்துவிடுகிறார்கள். எடுக்கும்போது குழாய் வர மறுத்தால், பலங்கொண்டு இழுக்காமல் நிறுத்திவிட்டுப் படம் எடுத்துப் பார்ப்பதே முறை.