பழைய குதிரை வண்டியைச் சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள்

இந்த வாரமும் ஒரு பனிச்சறுக்கு வண்டி வந்து நிற்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கிராமத்துக் கொட்டகை ஒன்றில் பல தலைமுறையாகக் கிடந்த குதிரைச் சறுக்கு வண்டி. வாங்கியவர்கள் மின் சாண்டரால் பாதி வண்டியை வெறும் மரமாகத் தேய்த்துவிட்டு, மீதியை முடித்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்திருக்கிறார்கள். தேய்த்த இடம் வீட்டுக் கராஜ். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது; தேய்த்த பழைய பூச்சிலோ ஈயம் என்ற நஞ்சு. பழைய மரச்சாமான்களைப் பராமரிப்பது என் தொழில். இதே கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதால் எழுதுகிறேன்.

இருக்கைக்கு அடியில், சாண்டர் எட்டாத இடத்தில், செய்தவரின் பிரெஞ்சுப் பெயரும் ஊரும் தூரிகையால் எழுதியிருக்கிறது. 1840க்கும் 1930க்கும் இடையில் கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக்கிலிருந்து சுமார் 9 லட்சம் பேர் அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தார்கள். கியூபெக்கில் தலைமுறைக்குத் தலைமுறை நிலம் பங்கு பிரிந்து, கடைசிப் பிள்ளைகளுக்கு உழ இடமில்லை. ரயிலேறி வந்தவர்களில் மிகப் பலர் நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர், மாசசூசெட்ஸின் லோவல் ஊர்களின் பஞ்சாலைகளுக்குப் போனார்கள். வரவேற்பு ஒன்றும் இனிப்பாக இல்லை. மாசசூசெட்ஸ் அரசின் 1881ஆம் ஆண்டுத் தொழிலாளர் அறிக்கை இவர்களைக் 'கிழக்கு மாநிலங்களின் சீனர்கள்' என்றே எழுதியது; ஒரே வரியில் இரண்டு சமூகங்களுக்கு அவமரியாதை. தச்சு வேலையும் இரும்பு வேலையும் கற்றவர்களுக்கு மட்டும் கிராமத்தில் சொந்தப் பட்டறை போட ஒரு வழி இருந்தது.

அப்படிப்பட்ட வண்டித் தச்சரின் வேலையைக் கொஞ்சம் பாருங்கள். சக்கர வண்டி என்றால் ஆரக்காலுக்கு ஹிக்கரி மரம், சட்டத்துக்கு ஆஷ் மரம். சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிய இரும்புப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கி மூட்டுகளையெல்லாம் இறுக்கிவிடும். கோடையில் வண்டி, குளிர்காலத்தில் சறுக்கு வண்டி, நடுவில் பழுது பார்க்கும் வேலை. பெரிய தொழிற்சாலைகள் மலிவாக வண்டி அனுப்பத் தொடங்கியபோது, கிராமத்துப் பட்டறைகள் பலவற்றுக்கு மிஞ்சியது பழுதும் பெயிண்டும்தான். 1908இல் ஃபோர்டின் மாடல் டி வந்தபின் அதுவும் தேய்ந்தது.

பெயிண்ட் அடிப்பது பல பட்டறைகளில் மாடியில். ஈர வார்னிஷில் தூசி விழக் கூடாதென்று ஜன்னலையும் சாத்திவிடுவார்கள். நல்ல வண்டிக்குப் பதினைந்து இருபது பூச்சு போகும். அடிப்பூச்சு ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வெள்ளை ஈயம். அப்புறம் நிரப்புப் பூச்சு, பியூமிஸ் கல்லால் தேய்ப்பு, நிறம், வார்னிஷ். என் மேசையில் இருக்கும் குண்டூசித் தலையளவு செதிலை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் அடியில் வெள்ளை, மேலே மண் நிறம், கறுப்பு, அதற்கும் மேலே தேன் நிறத்தில் வார்னிஷ் என்று அவருடைய பல வார உழைப்பு அடுக்கடுக்காகத் தெரியும். அந்த வெள்ளைதான் நஞ்சு.

வண்டி பெயிண்டர்களுக்கு வயிற்றுப் பிடிப்பும், மணிக்கட்டு தொங்கிப்போவதும் தொழில் நோயாகவே இருந்தன. 1910களில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் பெயிண்டர்களிடையே ஆய்வு செய்து, காய்ந்த ஈயப் பூச்சை உலர்வாகத் தேய்க்கும்போது எழும் தூசிதான் பெரிய ஆபத்து என்று தெளிவாகவே எழுதினார். நூறு வருடம் கழித்து அதே காரியத்தை நாம் மின்சாரம் போட்டுச் செய்கிறோம்.

"பழைய பெயிண்ட்தானே, வீரியமெல்லாம் போயிருக்கும்" என்கிறார்கள். போகாது. ஈயம் உலோகம். அது சும்மா கிடந்தால் ஆவியாகாது, மட்காது, மழையில் கரைந்து தீர்ந்துவிடாது. காய்ந்து போனது எண்ணெய்தான். அது காய்ந்து உடையக்கூடியதாகிவிட்டதால் பூச்சு இன்னும் எளிதாகப் பொடியாகிறது. ஆக, பழைய பெயிண்டில் தூசி அபாயம் கூடுதல். வாசனை இல்லை என்பதால் ஈயமும் இல்லை என்றாகாது. "வண்டி கறுப்பாகத்தானே இருக்கிறது" என்பது அடுத்த வாதம். கறுப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மேலே சொல்லிவிட்டேன். சக்கரங்களில் பார்க்கும் பளிச்சென்ற மஞ்சள் பெரும்பாலும் ஈயக் குரோமேட். இரும்பில் தெரியும் ஆரஞ்சுச் சிவப்பு செவ்வீயமாக இருக்கலாம். "அமெரிக்காவில் ஈயப் பெயிண்டை 1978இல்தான் தடை செய்துவிட்டார்களே" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். தடை வந்தது வீடுகளுக்கான புதுப் பெயிண்டுக்கு. 1890இல் அடித்த பெயிண்டை அந்தச் சட்டம் வந்து சுரண்டிவிட்டுப் போகவில்லை.

உலர்வாகத் தேய்க்காதீர்கள். ஹீட் கன், தீ இரண்டும் வேண்டாம். சூடு மிஞ்சினால் ஈயப் புகை வரும். ஈயம் இருக்கிறதா என்று பார்க்கக் கடையில் விற்கும் தேய்ப்புச் சோதனைக் குச்சி மேல் அடுக்கை மட்டும் பார்த்து 'இல்லை' என்று சொல்லிவிடக்கூடும், அதை நம்பி இறங்காதீர்கள். எக்ஸ்ரே கருவியால் ஈயத்தை அளக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள். துணி மாஸ்க் பிரயோஜனமில்லை. சக்கரத்தை வரவேற்பறைச் சுவரில் மாட்டும் ஆசை இருந்தால், முதலில் உதிரும் பூச்சை ஒரு வல்லுநரிடம் சொல்லி நிலைப்படுத்துங்கள். தேய்க்காமல் விட்டால் வண்டியில் அலங்காரமாக வரைந்த மெல்லிய கோடுகளும் பிழைக்கும். ஒற்றை மூச்சில் கை நடுங்காமல் வண்டி செய்தவர் இழுத்த கோடுகள் அவை; தேய்த்தபின் என்னால் திரும்பத் தர முடியாது.

ஏற்கெனவே தேய்த்துவிட்டீர்களா? சரி, இப்போதே நிறுத்துங்கள். துடைப்பமும் சாதாரண வேக்குவமும் வேண்டாம், நுண்தூசியைத் திரும்பக் காற்றில் ஊதிவிடும். நுண்தூசியைப் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம், அப்புறம் ஈரத்துணி. போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள், செருப்பை வெளியே விடுங்கள். வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை, டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் வந்தாலே அமெரிக்காவில் தொடர்ந்து கவனிக்கச் சொல்கிறார்கள். குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலும் அறிகுறி எதுவுமே தெரியாது. சறுக்கு வண்டிக்காரர்களிடமும் இதைத்தான் கெஞ்சிச் சொல்லி அனுப்பினேன்: வண்டி இங்கேயே இருக்கட்டும், நாளைக்கே குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை.