வானொலியில் ஒரு மணித்தியாலம் எப்படிக் கட்டப்படுகிறது

காலை ஆறு மணி. இலங்கை மலையகத்தில், தோட்டத் தொழிலாளரின் லயத்தில் (வரிசை வீட்டில்) ரொட்டி சுடுபவரின் கை அடுப்பில், காது வானொலியில். பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) புறப்படும்வரைதான் அவருக்கு நேரம். வானொலியின் நிகழ்ச்சிப் பணிப்பாளர் தன் கணக்கை அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் கடிகார முகம் போல ஒரு வட்டம் வரைவார்கள். செய்தி 5 நிமிடம், விளம்பரம் 10 நிமிடம், நாலரை நிமிடப் பாட்டு எட்டு என்றால் 36 நிமிடம். மிஞ்சுவது 9 நிமிடம். அறிவிப்பாளரின் பேச்சு, வாழ்த்து, மரண அறிவித்தல் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

பலர் தவறுவது பாட்டுச் சுழற்சியில்தான். மணிக்கு ஒன்றாக 24 புதுப் பாட்டுகளை வரிசையாகச் சுற்றவிட்டால், நேற்று ஆறு மணிக்கு வந்த பாட்டே இன்றும் ஆறு மணிக்கு வரும். அந்த நேரத்தில் மட்டும் கேட்பவருக்கு, அந்த வரிசையில் இருப்பதே அந்த ஒரு பாட்டுத்தான். அதோடு இன்னொரு பாட்டைச் சேர்த்து 25 ஆக்குங்கள். ஒவ்வொரு பாட்டும் தினமும் ஒரு மணித்தியாலம் தள்ளிப்போகும். ஆறு மணிப் பாட்டு மறுபடி ஆறு மணிக்கு வர 25 நாளாகும். 12, 8, 6 என்று 24ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் எல்லாமே இதே தொல்லையைத் தரும்.

அடுத்தது, செய்தியை நொடி பிசகாமல் தொடங்குவது. இதற்குப் பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். ஏழு மணிச் செய்திக்கு முன் 15 செக்கன் நிலைய அறிவிப்பு, அதற்கு முன் 4 நிமிடம் 20 செக்கன் வாத்திய இசை. ஆகவே இசை 6:55:25க்கு ஓடத் தொடங்கியாக வேண்டும். அறிவிப்பாளர் இன்னும் பேசிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. ஒலியை முழுக்க இறக்கிவைத்து ஓடவிட்டு, பேச்சு முடிந்ததும் மெல்ல ஏற்றலாம். தொடக்கம் கேட்காமல் போனது யாருக்கும் தெரியாது, முடிவு சரியாக 6:59:45க்கு வந்து நிற்கும். பாடலில் இப்படிச் செய்யக்கூடாது. நடுச்சரணத்தில் நுழைந்தால் காதில் இடறும்.

மலை வேறொரு கணக்கையும் சேர்க்கிறது. பண்பலையின் அலைநீளம் சுமார் 3 மீற்றர். அவ்வளவு சிறிய அலை மலையைச் சுற்றி அதிகம் வளையாது. பின்புறப் பள்ளத்தாக்கு நிழலாகிவிடும். எதிர்ச்சரிவில் பட்டுத் திரும்பும் அலை சற்றுப் பிந்தி வந்து, நேராக வரும் அலையோடு மோதும். அப்போது 'ச', 'ஸ' ஒலிகள் கரகரக்கும். இதனால் வேறு மலைமுகட்டிலிருந்து வேறு அலைவரிசையிலும் ஒலிபரப்ப வேண்டிவருகிறது. அந்த எண்களை அடிக்கடி சொல்லவைப்பதும் பணிப்பாளரின் பொறுப்பு. ஒலி கரகரக்கும் இடங்களிலும் விளங்க, இடப்பெயரையும் தொலைபேசி எண்ணையும் நிறுத்தி நிதானமாக, இருமுறை வாசிப்பதே நல்லது.

அடைமழையில் இந்த மணித்தியால வட்டத்தை உடைக்கத் தெரிந்திருக்க வேண்டும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மண்சரிவு லயன்களைப் புதைத்தது காலை வேளையில்தான். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் விடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் மழை என்பவை அவற்றின் அளவுகோல். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். அந்த அறிவித்தல் வந்ததும் விளம்பரத்தையும் நிறுத்தலாம் என்ற அதிகாரம் இரவு அறிவிப்பாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் இருக்க வேண்டும். பணிப்பாளரை எழுப்பி அனுமதி கேட்க நேரமிருக்காது. வாசிக்கும் தாளும் தயாராக இருக்கட்டும்: பிரதேச செயலகப் பிரிவு, எச்சரிக்கைப் படி, கவனிக்க வேண்டிய அறிகுறிகள் (நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று), அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி எண் 117.